உதவிக் குறிப்பில் ஒரு பல்லி

படிக்காமல் கேள்வி கேட்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பஸ்ஸின் நெற்றியில் செவிலிமேடு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு, "இது செவிலிமேடு போவுமாபா?" என்று என்னிடம் கேட்பார்கள். நான் பலகையைக் கையால் காட்டுவேனே தவிர வாயைத் திறக்க மாட்டேன். என் மனைவி இதைத் திமிர் என்பாள். நான் கொள்கை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் தொழிலும் இந்தக் கோபத்தை நன்றாக வளர்த்துவிட்டது. நான் எழுதுவது பட்டன், படம் எதுவும் இல்லாத மென்பொருள் கருவிகள். கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் வேலை நடக்கும். அந்த வரியில் கூடவே சேர்க்க ஏழெட்டு ஆப்ஷன்கள் இருக்கும். எந்த ஆப்ஷன் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதவிக் குறிப்பு உண்டு. 'ஹெல்ப்' என்று தட்டினால் வரிசையாக வந்து நிற்கும். அதைப் படிக்காமல் யாராவது போன் செய்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஹெல்ப் படிச்சீங்களா?" என்பதுதான். எதிர்முனை மௌனமாகிவிடும். அந்த மௌனத்தில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அதே கேள்வியை ஒருநாள் என் அக்காவிடமும் கேட்டேன்.

அக்காவின் வீடு சின்ன காஞ்சிபுரத்தில். வீட்டின் முன்னறைதான் டிசைன் கடை. பட்டுப் புடவையில் அன்னமோ மாங்காயோ விழ வேண்டுமானால் முதலில் அதைக் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். ஒரு கட்டம் ஒரு இழை. அந்தப் படத்தை வைத்து அட்டைகளில் ஓட்டை குத்துவார்கள். அந்த அட்டைகள் தறியின் மேலே இருக்கும் பெட்டியில் ஏறும். முன்பெல்லாம் கட்டத்தாளில் வரைந்தார்கள், இப்போது கம்ப்யூட்டரில். வரைந்துகொண்டிருந்தவர் அக்காவின் கணவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

மாமாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தால் மௌஸைப் பிடிக்கிற தெம்புகூட சில நாள் இருக்காது. வரைந்த படத்தை அட்டை குத்தும் மெஷினுக்கு ஏற்ற கோப்பாக மாற்ற முப்பது நாற்பது கிளிக் தேவைப்பட்டது. அந்த வேலையை ஒரே வரியில் முடிக்கும்படி அவருக்கு ஒரு சிறு கருவி எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, இதைத் தட்டினால் இது நடக்கும் என்று வாயாலேயே சொல்லிக் கொடுத்தேன். "சூப்பர்பா" என்றார். அவர் எதற்கும் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். ஊசி குத்த வந்த நர்ஸிடமும் அதையேதான் சொன்னார்.

வாயால் சொல்லிக் கொடுத்துவிட்டதால் உதவிக் குறிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடமைக்கு எழுதினேன். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல். சுருக்கமாக எழுதுவதுதான் அழகு என்று எனக்கு ஒரு நினைப்பு.

அக்காவுக்கு ஒரே மகள். மகளுக்குப் பல்லி என்றால் உயிர் போய்விடும். நாங்கள் இருப்பதோ வெளியூர்க்காரர்கள் பல்லியைத் தொட்டுக் கும்பிடுவதற்காகவே பஸ் பிடித்து வருகிற ஊர். பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கிற இடத்துக்கு அவள் ஒரு முறைதான் போனாள், அதுவும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. மாமாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது, அவள் பரீட்சைக்குப் படிக்கும்போது என்று நேரம் பார்க்காமல் சீண்டுவார்.

"உன் கல்யாணப் பொடவ முந்தியில ஒரு பல்லி வெக்கறேனா இல்லியா பாரு."

"அப்பா, வேணாம்பா. நான் அந்தப் பொடவயே கட்ட மாட்டேன்."

"முந்தி தோள்லதானமா வுழும்? தோள்ல பல்லி வுழுந்தா நல்லதுதான்."

அவள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாமா இருந்தார். மாப்பிள்ளை வாலாஜாபாத். தையில் முகூர்த்தம். ஆடியில் மாமா போய்விட்டார்.

போவதற்கு முந்தைய எட்டு மாதமும் அந்தக் கல்யாணப் புடவையைத்தான் அவர் வரைந்துகொண்டிருந்தார். கரையை முடித்துவிட்டார். முந்தியும் ஏறக்குறைய முடிந்திருந்தது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் உட்கார்ந்து பத்துக் கட்டம், இருபது கட்டம் என்று வைத்திருக்கிறார். வரிசை வரிசையாக அன்னங்கள், நடுவில் ஒரே ஒரு பல்லி. அன்னத்தின் கழுத்தோடு கழுத்தாகத் தெரியும்படி வைத்திருந்தாராம், தேடினால்தான் அகப்படும். அக்காவுக்கு மட்டும் ஒருமுறை காட்டியிருக்கிறார். மகளும் அந்தக் கம்ப்யூட்டரில் உட்காருவாள் என்பதால், கரை, முந்தி இரண்டையும் ஆர்டர் படங்களோடு சேர்க்காமல் வேறு எங்கோ ஒரு ஃபோல்டருக்குள் ஒளித்து வைத்துவிட்டார். தினமும் தானாக நகல் எடுக்கும்படி நான் செய்து கொடுத்திருந்தது ஆர்டர் ஃபோல்டரை மட்டும்தான். இப்படி இன்னொரு ஃபோல்டர் இருப்பதே எனக்குத் தெரியாது.

மாமாவின் காரியங்கள் முடிந்து ஒரு மாதத்தில் அக்கா கடையைத் திறந்தாள். வரைகிற வேலை அவளுக்கும் தெரியும். கருவியை ஓட்டத்தான் தெரியாது. என்னிடம் கேட்டிருக்கலாம். ஆனால் நான் போனில் மற்றவர்களை என்ன கேட்பேன் என்பதைக் கூட இருந்து பார்த்தவள் அவள். தம்பிக்கு எதற்குத் தொந்தரவு என்று தானே படித்துக் கற்றுக்கொள்ளப் பார்த்தாள்.

ஆவணியில் ஒரு காலை. கல்யாணப் புடவையை நெய்ய ஒப்புக்கொண்டவர், கரை அட்டையில் ஒரு இடத்தில் தப்பு விழுகிறது, திருத்திக் குத்திக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா கரைப் படத்தில் திருத்தம் செய்தாள். கருவியை ஓட்டினாள். பழைய தப்புக் கோப்பும் கூடவே கலந்து கலந்து வந்தது. சரி, முதலிலிருந்து புதிதாகச் செய்யலாம் என்று 'ஃப்ரெஷ்' என்ற ஆப்ஷனைச் சேர்த்துத் தட்டினாள்.

அந்த ஆப்ஷன் செய்வது இதுதான்: வரியில் பெயர் சொல்லப்பட்ட ஒரு படத்தை மட்டும் விட்டுவிட்டு, அந்த ஃபோல்டரில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் அழிக்கும். அதன் பிறகு வேலையைத் தொடங்கும். எதையும் கேட்காது. அக்கா பெயர் சொன்னது கரைப் படம். அதே ஃபோல்டரில்தான் முந்திப் படமும் இருந்தது.

திரையில் 'முடிந்தது' என்று வந்தது.

எனக்கு போன் வந்தபோது நான் செவிலிமேட்டு வீட்டில் ஆபீஸ் மீட்டிங் ஒன்றில் இருந்தேன். "டேய், முந்தியக் காணோம்டா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் கேட்டுக்கேட்டு விவரத்தை வாங்கினேன். 'ஃப்ரெஷ்' போட்டாள் என்று தெரிந்ததும் என் வாயில் வந்தது அதேதான்.

"ஹெல்ப் படிச்சியா நீ?"

மௌனம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"படிச்சேன்டா. மூணு தபா படிச்சேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா கம்ப்யூட்டரைத் தொடாமல் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு நோட்டை நீட்டினாள். பள்ளிக்கூட நோட்டு, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டது. நான் எழுதிய உதவிக் குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அதில் கையால் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொரு ஆங்கில வரிக்குக் கீழேயும் அதற்குத் தமிழ். அகராதி பார்த்து எழுதியது. 'ஃப்ரெஷ்' என்பதற்கு நான் எழுதியிருந்தது இரண்டே சொல். அதன் கீழே அவள் எழுத்தில், 'புதுசா ஆரம்பிக்கும்.' தப்பே இல்லாத மொழிபெயர்ப்பு. அழிக்கும் என்று நான் எங்கும் எழுதவில்லை. அவள் எங்கே போய்ப் படிப்பாள்?

"பழசு போயிடும்னு உனக்குத் தோணவே இல்லியா?" என்று கேட்டேன். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"புதுப் பாவு போட்டா பழச அறுத்தா எறியறோம்? தறியிலயே ஒரு மொழம் உட்டு வெச்சி, அந்த முனையிலதான ஒவ்வொரு இழையா பிணைச்சிக்கினு வரோம். பழசு இல்லாம புதுசு எங்கிருந்துடா ஆரம்பிக்கும்? அத்த மாதிரின்னு நெனச்சிட்டேன்."

நானும் தறி இருக்கும் வீட்டில் பிறந்தவன்தான். புடவைகள் நெய்து முடிந்து பாவு தீரும்போது, நீளவாட்டில் ஓடும் அந்தப் பழைய இழைகளைக் கடைசி ஒரு முழத்துக்கு அப்படியே தறியில் விட்டு வைப்பார்கள். புதுப் பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. சின்ன வயதில் அந்த வேலைக்கு நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குவது என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் அதுதான் அர்த்தம். உலகத்தில் முகம் தெரியாத யாருக்கோ எழுதுவதுபோல இரண்டு சொல் எழுதிப் போட்டேன். படிக்கப் போகிறவள் யார் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு சென்னைக்குப் போனேன். அழிந்த கோப்புகளை மீட்டுத் தருகிற கடை. அங்கிருந்த பெண் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எஸ்.எஸ்.டி.யாச்சே சார். இதுல அழிஞ்சா அழிஞ்சதுதான்" என்றாள். இருந்தாலும் இரண்டு நாள் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய டிஸ்க்காக இருந்திருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று மாமா சொன்னபோது, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிக் கொடுத்தவன் நான்தான். அதற்கும் அவர் "சூப்பர்பா" என்றுதான் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

அக்கா முந்தியை மறுபடி வரைய உட்கார்ந்தாள். நான்கு நாள் முயன்றாள். அன்னம் வந்தது, பல்லி வரவில்லை. "முதல மாதிரி இருக்குதுடா" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தவள் அப்படியே முகத்தை மூடிக்கொண்டாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் அதை அழித்துவிட்டு, முந்தியில் வெறும் ஜரிகைக் கோடுகள் போதும் என்று நெய்கிறவரிடம் சொல்லிவிட்டாள்.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐப்பசியில் உதவிக் குறிப்பைத் திருத்தி எழுத ஆரம்பித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், தெரியும். ஆனாலும் அந்தக் கருவியை இணையத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருந்தேன். ஆரணியில் சில டிசைன் கடைகளில் ஓட்டுகிறார்கள் என்று கேள்வி. அங்கேயும் ஒரு அக்கா நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போய், ஒவ்வொரு வரியாகத் தமிழில் எழுதி அவளிடம் படிக்கக் கொடுப்பேன். "இதப் படிச்சா என்ன நடக்கும்னு நெனக்கிற?" என்று கேட்பேன். அவள் நினைத்ததும் கருவி செய்வதும் ஒன்றாக இல்லையென்றால் வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன்.

அவள் லேசில் விடுகிற ஆள் இல்லை. "தேவைப்பட்டால் பயன்படுத்தவும்" என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தேன். "தேவப்பட்டாதான பயன்படுத்துவாங்க? எப்போ தேவப்படும்னு சொல்லுடா" என்றாள். ஆப்ஷன் எதுவும் கொடுக்காதபோது கருவி தானாக எதைச் செய்யுமோ, அதற்கு 'இயல்புநிலை' என்று பொறியாளர் தமிழில் எழுதியிருந்தேன். அதை இரண்டு முறை படித்துவிட்டு, "நீங்க ஒண்ணும் சொல்லலன்னா இப்படி நடக்கும்னு எழுது, போதும்" என்றாள். அப்படியே எழுதினேன். ஒரு ஆப்ஷன் எதைத் தரும் என்பதை முதலிலும் எதை எடுத்துக்கொள்ளும் என்பதைக் கடைசியிலும் எழுதுவது என் பழக்கம். எடுத்துக்கொள்வதை முதலில் போடச் சொன்னாள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். நான் மணியே கட்டாமல் யானையை அவிழ்த்து விட்டிருந்தேன்.

'ஃப்ரெஷ்' இப்போது இப்படி இருக்கிறது: 'இந்த ஃபோல்டரில் நீங்கள் பெயர் சொன்ன படம் தவிர மற்ற எல்லாம் அழியும். அழிந்தது திரும்ப வராது. எவை எவை அழியும் என்று முதலில் காட்டிவிட்டு, உங்களைக் கேட்ட பிறகுதான் அழிக்கும்.' கருவியையும் அப்படிக் கேட்கும்படி மாற்றிவிட்டேன். இரண்டு சொல் இருந்த இடத்தில் மூன்று வாக்கியம். அக்கா சத்தமாகப் படித்தாள். அடுத்த வரிக்குப் போனாள்.

குறிப்பின் கடைசியில் ஒரு உதாரணம் வேண்டும். முழு வரியையும் எப்படித் தட்டுவது என்று காட்டுவதற்கு. உதாரணத்துக்கு ஒரு கோப்பின் பெயர் தேவை. நான் 'டிசைன் ஒன்று' என்று வைத்திருந்தேன்.

"அங்க முந்தி பல்லின்னு போடு" என்றாள் அக்கா.

நான் அவளைப் பார்த்தேன்.

"அதான் அவரு வெச்சிருந்த பேரு. அங்கயாவது இருந்துக்கினு போவட்டும்."

போட்டேன். மகளிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்திருந்தோம். கல்யாணப் பெண்ணை எதற்கு அழவைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் எழுதிய இரண்டு சொல்லைப் பற்றி அவளிடம் பேச எனக்குத் தைரியம் இல்லை.

மார்கழியில் புடவை வந்தது. மாமா வரைந்த கரை அருமையாக விழுந்திருந்தது. அக்கா மகள் முந்தியைத் தரையில் பாய்மேல் விரித்தாள். ஜரிகைக் கோடுகளுக்கு நடுவே விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தாள். பிறகு புரட்டிப் போட்டுப் பின்பக்கமும் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்கும் தெரிந்தது, அக்காவுக்கும் தெரிந்தது.

"அப்பா சும்மாதான் சொல்லிக்கினு இருந்தாரு போல" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். பல்லியைக் கண்டு ஓடியவள், பல்லி இல்லையே என்று வாடினாள். அப்போது சொல்லியிருக்கலாம். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் கரையைப் புகழ்ந்து ஏதோ பேசினேன். கல்யாணத்தில், முந்தி ஏன் இவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று கேட்ட எல்லோரிடமும் அக்கா, "இப்போ இதாம்மா ஃபேஷன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் முடிந்து ஏழெட்டு மாதம் கழித்து, அக்கா மகள் வாலாஜாபாத்திலிருந்தே அம்மாவின் கடை வேலையில் பாதியைப் பார்க்க ஆரம்பித்தாள். லேப்டாப்பில் கருவியைப் போட்டுக்கொண்டாள். அது எனக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் நான் சென்னையிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிற்கும்போது போன் வந்தது. எடுத்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மாமா, ஹெல்ப் படிச்சிக்கினு இருந்தேன். கடைசியில உதாரணம்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, முந்தி பல்லின்னு. அது சும்மா போட்ட பேரா, நெஜமாவே அப்படி ஒண்ணு இருந்துச்சா?"

சும்மா போட்ட பேர் என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. என் வாய்க்குச் சுருக்கமான பதில்கள் பழக்கம்தான். ஆனால் அவள் ஹெல்ப் படித்துவிட்டுக் கேட்கிறாள். நான் பெட்டிக்கடை ஓரமாகப் போய் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதம் அவள் அப்பா வரைந்தது, அன்னங்களுக்கு நடுவே பல்லி இருந்தது, ஃப்ரெஷ் என்ற ஆப்ஷன், நான் எழுதிய இரண்டு சொல், எழுதாமல் விட்டது, அவள் அம்மாவின் நோட்டு, சென்னையில் அந்தக் கடை. எதையும் சுருக்கவில்லை. "தப்பு என்னுதுமா. உங்க அம்மா மேல ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அப்போ வெச்சிருக்காரு" என்றாள். "எவ்ளோ பெருசு மாமா?"

"நான் பாக்கலமா. உங்க அம்மாதான் பாத்தா. அம்மாவக் கேளு."

நான் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது அக்காவின் போன் வந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் முதலில் கேட்டது.

"சொல்லிட்டியாமே" என்றாள்.

"சொல்லிட்டேன்."

"நல்லதாப் போச்சி. ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் அழுதோம். எல்லாத்தயும் கேட்டா. எத்தினி அன்னம் இருந்துச்சி, எந்த வரிசையில பல்லி இருந்துச்சின்னு ஒண்ணொண்ணா கேட்டா. தெரிஞ்சத சொன்னேன். வாலு எந்தப் பக்கம் வளஞ்சிருந்துச்சின்னு கேட்டாடா. எவ்ளோ யோசிச்சிப் பாத்தும் எனக்கு ஞாபகம் வரல."